மாடிக்குப் போகாத ரிசல்ட்

எஸ்ரா கம்ப்யூட்டர் பார்க்க வந்தால் ஒரு மணி நேர வேலையை அரை நாளாக இழுப்பார் என்று சங்கரன்கோவிலில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் பொய் இல்லை. சர்வரைச் சரிசெய்து முடித்ததும், மற்றவர்களைப் போல் "ஓடுது, பாத்துக்கிடுங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட மாட்டார். எழுந்து நடப்பார். அந்தக் கட்டடத்தில் எத்தனை மேசையில் கம்ப்யூட்டர் இருக்கிறதோ அத்தனை மேசைக்கும் போவார். விசைத்தறிக் கூடத்தின் பின்பக்கக் குடோனில் நூலாம்படை அடைந்து கிடக்கிற மானிட்டராக இருந்தாலும் சரி, அதைத் துடைத்து, தட்டி எழுப்பி, சர்வரில் இருப்பது இங்கே தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஆறுமுகச்சாமி, அண்ணாச்சி காலுக்குச் சக்கரம் கட்டிவிட வேண்டியதுதான் என்று கடை ஆட்களிடம் கேலி பேசுவார். எஸ்ராவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நடப்பதை மட்டும் விடமாட்டார்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. எந்த இடத்துக்குப் போனாலும், பழுதான மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "இத நம்பி இப்போ யாராச்சும் எதுக்காச்சும் காத்துக்கிட்டு இருக்காங்களா?" ரேஷன் கடைக்காரர்களும் ஜவுளிக் கடைக்காரர்களும் இந்தக் கேள்விக்கு முழிப்பார்கள். பில் போட நாலு பேர் நிற்கிறார்கள் என்பார்கள். அவர்களுக்குக் கையால் பில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு வாருங்கள், அதுவரை நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பார். இந்த இரண்டு பழக்கமும் அவருக்குப் பிறவியில் வந்தவை அல்ல. ஒரே நாளில் வந்தவை. அந்த நாளுக்கு முன்பு அவரும் எல்லாரையும் போல உட்கார்ந்த இடத்தில் இருந்தே ஊரை ஆண்டவர்தான்.

அப்பா ஞானரத்தினம் குருவிகுளம் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மானாவாரிக் காட்டுப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தே ஓய்ந்துபோய், எஸ்ராவுக்கு மீசை அரும்புமுன் போய்ச் சேர்ந்துவிட்டார். வளர்த்தது அண்ணன் சாம்ராஜ். அண்ணன் கரிவலம்வந்தநல்லூரில் பி.டி. மாஸ்டர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைக் கோயிலிலும் பார்த்ததில்லை என்று சபையார் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரும்போதும் சட்டைக்குள் அது கிடக்கும். தம்பி வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டபோது அடிக்காமல், பிரித்ததைத் திரும்பப் பூட்டினால்தான் சோறு என்று சொன்ன மனிதர். பூட்டினான். அன்றைக்கே இவனைப் பாலிடெக்னிக்கில் சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

எஸ்ரா சென்னையில் கொஞ்ச காலம் இருந்து பார்த்தார். ஒத்துவரவில்லை. ஊருக்கே திரும்பி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் கடை போட்டார். கல்யாணம் அமையவில்லை, அமைத்துக்கொள்ள அவரும் மெனக்கெடவில்லை. அண்ணன் வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை. மதினி ஜெனிபா கொழுந்தனைப் பிள்ளை மாதிரித்தான் வைத்திருந்தார். அண்ணன் மகள் ரெனிக்குச் சித்தப்பா என்றால் உயிர்.

அவர் பார்த்துக்கொண்ட இடங்களில் பெரியது ஒரு தனியார் மருத்துவமனை. கீழே லேப், அவசரச் சிகிச்சை, மாடியில் வார்டு. ஒரு காலத்தில் லேபில் ரத்தம் பார்த்து எழுதிய சீட்டை ஆயா வள்ளித்தாய்தான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். முட்டி தேய்ந்த மனுஷி. ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். எஸ்ரா அதைப் பார்த்துத்தான் அந்த வேலையில் இறங்கினார் என்றே சொல்லலாம். லேபுக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் ஒரு சர்வரை வைத்து, ரத்தம் பார்க்கும் மெஷினின் கேபிளை நேரே அதில் சொருகி, அங்கிருந்து மாடிக்கு வயர் இழுத்துவிட்டார். லேபில் இருக்கும் ரசீதா ஒரு பட்டனைத் தட்டினால் போதும். ரிசல்ட் சர்வருக்குள் போகும். மாடியில் நர்ஸின் திரையில் தெரியும். ஏதாவது எல்லை மீறி இருந்தால் சிவப்பு எழுத்தில் வரும், கூடவே ஒரு சத்தம் கேட்கும். வள்ளித்தாய் அவர் தலையில் கைவைத்து, ஒனக்கு ஒரு கொறையும் வராது என்று சொன்னார். எஸ்ராவுக்கு அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மருத்துவமனை எஸ்ராவை விடாமல் வைத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவருக்கு முன்னால் அங்கே கம்ப்யூட்டர் பார்த்தவன் ஓட்டை வாய்க்காரன். ஒரு பெண்ணுடைய டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டீக்கடையில் சொல்லிவிட்டான். இந்த ஊரில் டீக்கடையில் சொன்னால் போதும்; அந்தப் பெண்ணுக்கு நிச்சயமாகி இருந்த கல்யாணம் நின்றது. அவனை விரட்டிவிட்டுத்தான் எஸ்ராவைக் கூப்பிட்டார்கள். எஸ்ரா அன்றே தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார்: எந்த நோயாளியின் பக்கத்தையும் திறப்பதில்லை. சோதித்துப் பார்க்கவென்று 'சோதனை' என்ற பேரில் ஒரு பொய் நோயாளியை உண்டாக்கி வைத்திருந்தார். வயது, ரத்தம், சர்க்கரை எல்லாம் அவருக்குப் பொய்யாகவே உண்டு. மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க அவரைத்தான் திறப்பார். எஸ்ரா கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்க்கிறவர் என்று டாக்டரே நாலு பேரிடம் சொல்வார். நல்ல விதிதான். யாரும் குறை சொல்ல முடியாத விதி.

ஆடித் தபசு அன்று ஊர் ஊராக இருக்காது. கோமதி அம்மன் தபசுக் காட்சியைப் பார்க்கச் சுற்றுப்பட்டி அத்தனையும் வந்து இறங்கும். பனவடலிசத்திரத்து விவசாயச் சம்சாரிகள் பருத்தியும் வத்தலுமாய் வந்து நிற்பார்கள். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். ரத வீதிகளுக்குள் மனிதத் தலையைத் தவிர வேறு ஒன்றும் நுழைய முடியாது. மதியத்துக்கு மேல் செல்போனில் பேச்சும் போகாது, நெட்டும் வராது. இதனாலேயே கம்ப்யூட்டர்காரர்களுக்குள் ஒரு வழக்கம்: கோயில் பக்கம் இல்லாத இடங்களில் பெரிய வேலை எதுவும் இருந்தால் தபசு அன்றைக்குத்தான் வைத்துக்கொள்வார்கள். அன்று வெளி நோயாளிகள் வரமாட்டார்கள், ஆபீஸ்களில் ஆள் இருக்காது, மெஷினை நிதானமாகப் பிரித்துப் போடலாம். எல்லா வருஷமும் வசதியாக இருந்த வழக்கம் இது. வேலை இழுத்துக்கொண்டால் யாரிடம் கேட்பது, எந்த வழியாக ஓடுவது என்பதை மட்டும் யாரும் யோசித்ததில்லை.

அந்த வருஷம் மருத்துவமனை சர்வர் அடிக்கடி மூச்சு முட்டி நின்றது. பழையதை நீக்கிவிட்டு, ரிசல்ட்டையெல்லாம் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ் சர்வர் என்ற புரோகிராமைப் புதிய வெர்ஷனாகப் போட்டுவிடுவது என்று எஸ்ரா முடிவு செய்திருந்தார். தபசு நாளைக் குறித்தாயிற்று. அதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணனைக் கொண்டுபோய் அதே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது.

சாம்ராஜுக்குச் சர்க்கரை பல வருஷமாக உண்டு. கடைசியில் அது சிறுநீரகத்தில் கைவைத்திருந்தது. ஓங்கரித்து வாந்தி, காலில் பலமில்லை. டாக்டர் எஸ்ராவைத் தனியாகக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். ரத்தத்தில் பொட்டாசியம் எல்லையில் நிற்கிறது. அது ஏறினால் இருதயம் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும். தபசு அன்று காலையில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம். ஏறியிருந்தால் உடனே ஒரு ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்கு அனுப்பிவிடுவோம். வண்டி புறவழியாகப் போகத் தயாராக நிற்கும். ஏறாவிட்டால் இங்கேயே வைத்துப் பார்ப்போம். ஆக எல்லாம் அந்த ஒரு ரிசல்ட்டில் இருந்தது. இது எஸ்ராவுக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும், வார்டு நர்ஸ் சண்முகப்ரியாவுக்கும் தெரியும். சர்வர் வேலையைத் தள்ளிப்போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் எஸ்ரா மாடிக்குப் போனபோது ரத்தம் எடுக்க இன்னும் ஆள் வந்திருக்கவில்லை. சாம்ராஜ் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். தூரத்தில் மேளம் கேட்டது. வேதக்காரர்கள் நாம் தபசுக்குப் போகக்கூடாது என்று வீட்டில் சட்டம் பேசுகிறவர், வருஷா வருஷம் கூட்டம் பார்க்கிற சாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி வராமல் இருந்ததில்லை.

"ஏலே எஸ்ரா, நாக்கு வறண்டு கெடக்கு. ஒரு எளநி வாங்கித் தாயேம்லே."

"எளநியில பொட்டாசியம் உண்டுண்ணே. டாக்டர் கூடாதுன்னுட்டாரு."

"ஒரு வாய்தாம்லே."

"ரிசல்ட் வரட்டும்ணே. நல்லா இருந்தா நானே வாங்கியாரேன்."

சாம்ராஜ் தம்பியை முறைத்துப் பார்த்தார். பிறகு ஒரு பையனை மைதானத்தில் ஓடச் சொல்லுகிற மாதிரி, போய் ஒஞ்சோலியப் பாரு என்று கையை ஆட்டினார். எஸ்ரா கீழே இறங்கி வந்துவிட்டார்.

வேலை முதலில் நன்றாகத்தான் போனது. பழையதை நீக்கினார், புதியதைப் போட்டார், எடுத்து வைத்திருந்த டேட்டாவைத் திரும்ப ஏற்றினார். சர்வரின் முன் உட்கார்ந்தபடியே 'சோதனை' நோயாளியைத் திறந்தார். பொய்ச் சர்க்கரை, பொய் ரத்தம் எல்லாம் அப்படியே வந்து நின்றன. அடுத்த அறையில் இருந்த ரசீதாவைக் கூப்பிட்டு, ஓடுது, இனி மெஷினில் இருந்து அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார்.

அங்கேதான் அவர் மோசம் போனார். சர்வரின் முன்னாலேயே உட்கார்ந்து கேட்டால் அது தனக்குள்ளேயே பேசிப் பதில் சொல்லிவிடும். வீட்டுக்குள் இருப்பவனுக்கு வாசல் கதவு வெளியே பூட்டிக் கிடப்பது தெரியாதே, அது மாதிரி. புதிதாகப் போட்ட டேட்டாபேஸ் சர்வர் வெளியிலிருந்து வருகிற எந்த இணைப்பையும் ஏற்காமல் மூடிக்கொண்டுதான் பிறக்கும். அதை நாம்தான் திறந்துவிட வேண்டும். எஸ்ராவுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். பழையதில் பல வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை திறந்துவிட்டது. அதற்குப் பிறகு அதை நினைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. எழுந்து படி ஏறி மாடித் திரையை ஒருமுறை பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஏறவில்லை.

லேபில் ரசீதா தனி ஆள். கூட வேலை பார்க்கும் பெண் தபசுக்கு லீவு. கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்து அவசரப் பிரிவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கு நடுவில்தான் சாம்ராஜின் ரத்தத்தை மெஷினில் வைத்தாள். பொட்டாசியம் மிகவும் ஏறியிருந்தது. அதைப் பார்த்தாள். பார்த்ததும் பட்டனைத் தட்டினாள். போய்விட்டது என்று மெஷின் காட்டியது. மாடியில் சிவப்பு எழுத்தில் வந்திருக்கும், சத்தம் கேட்டிருக்கும் என்று அடுத்த குழாயை எடுத்தாள். அப்படித்தானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்தது எஸ்ரா.

மாடியில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. சண்முகப்ரியாவின் திரையில் சர்வரைக் காணவில்லை என்று ஒரு வரி மட்டும் நின்றது. அவளும் வார்டில் தனியாக நின்றாள்; டாக்டர் அடுத்தடுத்து வந்த பிரசவ ஆபரேஷன்களுக்குள் போயிருந்தார். காலையில் எஸ்ராவே வந்து, இன்றைக்கு வேலை நடக்கும், சிஸ்டம் வரப்போக இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். பொறுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, துணி எடுக்கக் கீழே போன வள்ளித்தாயிடம் சொல்லி அனுப்பினாள்.

"எய்யா, மாடியில ஒண்ணும் தெரியலையாம்" என்றார் வள்ளித்தாய். "நான் வேணா ரசீதாட்ட சீட்டு எழுதி வாங்கிட்டுப் போவட்டா?"

எஸ்ரா திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேண்டாம் ஆயா, நீங்க எதுக்கு இந்தக் காலோட படி ஏறிக்கிட்டு? இந்தா வந்துரும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டாவது போகலாம்.

பிறகு தொடங்கியது மல்லுக்கட்டு. கேபிளைப் பிடுங்கிச் சொருகினார். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் வயரில் தடையில்லை. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காவல் கதவு மாதிரி இருக்கும் ஃபயர்வாலைத் திறந்துவிட்டுப் பார்த்தார். மாடியில் மாற்றமில்லை. அப்போதுதான் அவருக்கு அந்தப் பழைய விஷயம் உறைத்தது. வெளி இணைப்பைத் திறக்கிற இடம் ஒன்று உண்டே என்று, அதற்கான கன்ஃபிகரேஷன் மேனேஜரை மெனுவில் இருந்து எடுத்தார். திரையில் அதன் ஜன்னல் திறந்தது. நெட்வொர்க் என்று இருக்கிற இடத்தைத் தட்டினார். அங்கே வரிசையாகப் பாதைகளின் பெயர் இருக்க வேண்டும், டி.சி.பி. ஐ.பி. என்று ஒன்று இருக்க வேண்டும். அதன் மேல் வைத்துத் திறந்துவிட்டால் முடிந்தது வேலை. ஆனால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. காட்டுவதற்கு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது.

 பூட்டைத் தேடிப் போனவன் கதவே இல்லாததைப் பார்த்தால் எப்படி இருக்கும். மூடித் திறந்தார். மெஷினை அணைத்துப் போட்டார். புதிய சர்வரை ரிப்பேர் கொடுத்து மறுபடி ஓடவிட்டார். நீலக் கோடு நகர்ந்து முடியும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பத் திறந்தால் அதே வெறுமை. திருநெல்வேலியில் இதே தொழிலில் இருக்கும் சினேகிதன் பிரபினுக்குப் போன் போட்டார். போகவில்லை. நெட்டில் தேடலாம் என்றால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. தபசுக் கூட்டம் மொத்தமும் அந்த ஒரு டவரின் தலையில் ஏறி நின்றுகொண்டிருந்தது.

இதற்கிடையில்தான் ஜெனிபா இறங்கி வந்தார். அறை வாசலில் நின்று, அவருக்கு நெஞ்சு படபடப்பு என்கிறார், கை காலெல்லாம் மரத்த மாதிரி இருக்கிறதாம், சிஸ்டரிடம் சொன்னால் ரிசல்ட் வரட்டும் டாக்டரைக் கூப்பிடலாம் என்கிறாள் என்று சொன்னார்.

"ரிசல்ட் வந்துட்டா எஸ்ரா?"

"சிஸ்டம் சரியானதும் வந்துரும் மதினி. நீங்க மேல போங்க. அண்ணன்ட்ட இருங்க."

ஜெனிபா போனார். கொழுந்தன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போனார். எஸ்ரா மறுபடி திரையைப் பார்த்துக் குனிந்தார். அந்த நேரத்தில் அவர் மனதில் இருந்தது முழுக்க அண்ணன்தான். அண்ணனுக்காகத்தான் அவ்வளவு வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணனுடைய ரிசல்ட்டுக்கு வழி திறக்க வேண்டும் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த ரிசல்ட் எப்போதோ வந்து அவர் முன்னால் இருந்த அதே மெஷினுக்குள் கிடந்தது. சாம்ராஜ் என்று பேரைத் தட்டியிருந்தால் வந்து நின்றிருக்கும். எந்த நெட்வொர்க்கும் வேண்டாம். அவர் தட்டியதெல்லாம் 'சோதனை', 'சோதனை' என்றுதான். யார் பக்கத்தையும் திறப்பதில்லை என்று பழகிய கை, சொந்த அண்ணன் பக்கத்துக்கும் போகவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தார். தற்செயலாக ஜன்னலின் தலைப்பைப் பார்த்தார். அதில் பழைய வெர்ஷனின் வருஷம் இருந்தது. பழையதை நீக்கியபோது அதன் மேனேஜர் மட்டும் போகாமல் மெனுவில் தங்கியிருக்கிறது. இவ்வளவு நேரமும் அதைத்தான் திறந்து திறந்து பார்த்திருக்கிறார். பழையதின் கண்ணுக்குப் புதியது தெரியாது. அதனால்தான் அந்த வெறுமை. சற்றுக் கீழே புதிய மேனேஜர் சாதுவாக உட்கார்ந்திருந்தது. திறந்தார். டி.சி.பி. ஐ.பி. இருந்தது, பக்கத்தில் செயல்படவில்லை என்று இருந்தது. திறந்துவிட்டு, சர்வரை நிறுத்தி ஓட்டினார். அவ்வளவுதான் வேலை. இவ்வளவு நேரத்துக்கு அவ்வளவுதான்.

மாடியில் அந்தச் சத்தம் கேட்டது. தான் பொருத்திய சத்தம்தான் என்பதால் கீழே இருந்த எஸ்ராவுக்கும் அது கேட்டது. முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. வெளியே வந்து படியில் கால் வைக்கும்போது சண்முகப்ரியா டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் பக்கம் ஓடினாள். எஸ்ரா மேலே போனார். நர்ஸ் மேசையின் திரையில் அண்ணன் பேர் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் ரத்தம் பார்த்த நேரம் இருந்தது. காலை நேரம். வெளியே மதிய வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் கையுறையோடு ஓடி வந்தார். ஊசி போட்டார்கள். ஆம்புலன்ஸ் எஞ்சின் ஓடும் சத்தம் கீழே கேட்டது. ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தியபோது சாம்ராஜின் கண் தம்பியைத் தேடிப் பிடித்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எளநி என்று சொல்ல வந்தாரோ, வேறு என்னவோ. இருதயம் அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் நெஞ்சில் ஏறி அழுத்தினார், அழுத்தினார், வியர்வை அண்ணன் சட்டையில் சொட்டியது. ஜெனிபா சுவரைப் பிடித்துக்கொண்டு கர்த்தரே, கர்த்தரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் கையை எடுத்துவிட்டார். சட்டைக்குள் இருந்து விசிலைக் கழற்றி யாரோ எஸ்ராவின் கையில் கொடுத்தார்கள்.

மருத்துவமனையில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சிறுநீரகக்காரர்களுக்கு இப்படி ஆகிவிடும் என்றார்கள். அது உண்மையும்கூட. ரசீதா ஒரு மூலையில் நின்று அழுதாள். வள்ளித்தாய் எஸ்ராவைப் பார்த்தார். அடுத்த நாளில் இருந்து, யாரும் சொல்லாமலேயே, பழையபடி சீட்டைத் தூக்கிக்கொண்டு படி ஏறத் தொடங்கினார். எஸ்ரா அதைத் தடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகே உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. மறுநாள் சபையின் சேகர குரு ஜெபம் செய்தார். கரிவலத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல்லறைத் தோட்டம்வரை வரிசை பிசகாமல் நடந்து வந்தார்கள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஜெனிபா ஒரே கதையைச் சொன்னார்.

"எங் கொழுந்தன் பச்சத்தண்ணி பல்லுல படாம அந்த மெஷினோட மாரடிச்சான். அந்த ரிசல்ட்டக் கொண்டாறதுக்கு அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கூடப் பொறந்தவன்னா அப்பிடி இருக்கணும்."

கேட்டவர்கள் எஸ்ராவைப் பார்த்துத் தலையசைத்தார்கள். எஸ்ரா தரையைப் பார்த்தார். சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கும் நினைத்தார், அடுத்த வாரமும் நினைத்தார். சொன்னால் மதினிக்குப் பிடித்துக்கொள்ள அந்த ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்று தனக்கே ஒரு நியாயம் கண்டுபிடித்தார். நியாயம் கண்டுபிடிப்பதற்கு நமக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா என்ன. அண்ணன் போன நாளை நாட்காட்டியில் தேட வேண்டியதே இல்லை. வருஷா வருஷம் தபசு மேளம் கேட்டதும் வீட்டுக்கு யாராவது வருவார்கள், ஜெனிபா அந்தப் பச்சைத்தண்ணிக் கதையைச் சொல்வார், எஸ்ரா எழுந்து வெளியே போய்விடுவார்.

ரெனி அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தவள். பிறகு அவளாகவே லேப் டெக்னாலஜி எடுத்தாள். அப்பாவுக்கு வந்தது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இந்த வருஷம் தபசுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். உறவினர் யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. சாப்பாட்டின் நடுவில் கல்லூரிக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தவள், பொட்டாசியம் மாதிரி உயிருக்கு ஆபத்தான அளவு ஏதாவது வந்தால் கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது, வாயால் சொல்ல வேண்டும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் முதல் பாடம் என்றாள். சொல்லிவிட்டு, ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி தட்டில் விரலால் கோடு இழுத்தாள்.

"சித்தப்பா, அப்பா ரிசல்ட் லேப்ல இருந்து போயிட்டுல்லா?"

"போயிட்டு."

"மாடிக்கு வரல. அப்போ நடுவுல எங்க நின்னுச்சு?"

எஸ்ரா கையில் இருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். "சர்வர்ல."

"சர்வர் எங்க இருந்துச்சு?"

ரெனி குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. பாடத்தில் புரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். எஸ்ரா அவளைப் பார்க்கவில்லை. ரசப் பாத்திரத்தோடு வந்து நின்ற மதினியைப் பார்த்தார்.

"எம் முன்னால" என்றார். "அதே மெஷின்லதான் உக்காந்திருந்தேன்."

தெருவில் ஒரு மேளம் கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஜெனிபா யாருக்கும் ரசம் ஊற்றவில்லை. பாத்திரத்தை மூடி அடுப்படிக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் சபையில் இருந்து நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்தார், சாம்ராஜைப் பற்றி அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பச்சைத்தண்ணிக் கதையை மட்டும் சொல்லவில்லை. எஸ்ரா எழுந்து வெளியே போகாமல் அந்தக் கதை வரும் என்று அங்கேயே உட்கார்ந்து காத்திருந்தார். ஜெனிபா அதை அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.